ஸ்டாண்ட் மிக்ஸர் உருளையில் முழுக் கோதுமை பாஸ்தா: மாவு பிசைவது முதல் தட்டுக்கு வரும்வரை

சப்பாத்தி நன்றாகப் போடத் தெரிந்தவர்கள்தான் பாஸ்தா மாவில் முதலில் தடுமாறுகிறார்கள். நானும் அப்படித்தான் தடுமாறினேன்; என்னிடம் கற்றுக்கொள்ள வந்த உறவினர்கள் நாலைந்து பேரும் அப்படித்தான். கை பழகிய பதம் வரும்வரை தண்ணீர் விட்டுக்கொண்டே போவார்கள். அந்தப் பதத்தில் சப்பாத்தி மிருதுவாக வரும். பாஸ்தா உருளையில் ஒட்டிக் கிழியும்.

முழுக் கோதுமையில் இந்தத் தவறு இன்னும் எளிதாக நடக்கும். தவிடு தண்ணீரை மெல்லத்தான் குடிக்கும். பிசையும்போது வறண்டு, விரிசல் விட்டுக் கிடக்கிற மாவு ஒரு மணி நேரத்தில் தானாகவே சேர்ந்து இளகிவிடும். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பொறுமை இல்லாதவர்கள் தண்ணீரை எடுக்கிறார்கள்.

இங்கே சொல்லும் அளவு நான்கு பேருக்குப் போதும். முதல் தடவை இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். வேலை நாள் மாலையில் பசியோடு தொடங்க வேண்டாம்.

1. முதலில் இயந்திரத்தைப் பாருங்கள்

சட்னி அரைக்கும் மிக்ஸியைப் பற்றி நான் பேசவில்லை. கிண்ணத்துக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு நிற்கும் ஸ்டாண்ட் மிக்ஸர்தான் வேண்டும். அதன் முகப்பில் சிறு மூடியோ திருகோ இருக்கும். அதைத் திறந்தால் சதுரத் துளை தெரியும். பாஸ்தா இணைப்புகள் அங்கேதான் பொருந்துகின்றன. ஒரு நிறுவனத்தின் இணைப்பு இன்னொரு நிறுவனத்தின் துளையில் பெரும்பாலும் பொருந்தாது. வாங்குமுன் உங்கள் மாடலுக்கு உரியதுதானா என்று பாருங்கள்.

இணைப்பில் இரண்டு வகை உண்டு. இரண்டு உருளைகளுக்கு நடுவே மாவை அழுத்திப் பட்டையாக்குவது ஒன்று. அதோடு, பட்டையை இழைகளாக வெட்டும் அகலக் கட்டரும் மெல்லிய ஸ்பகெட்டிக் கட்டரும் தனித்தனியாக வரும். இடியாப்ப உழக்கைப் போல அச்சு வழியே பிழிவது மற்றொன்று. பிழியும் வகைக்கு மாவு புட்டு மாவுப் பதத்தில், பிடித்தால் பிடிபட்டு விட்டால் உதிரும்படி இருக்க வேண்டும். உருளைக்கு அந்தப் பதம் உதவாது. ஒன்றுக்கான குறிப்பை வைத்து மற்றதில் செய்து பார்த்துவிட்டு இயந்திரத்தைக் குறை சொல்பவர்கள் நிறைய. இந்த வழிகாட்டி உருளைக்கு மட்டும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த மிக்ஸராக இருந்தால் அடியில் எழுதியிருக்கும் வோல்ட் எண்ணைப் படித்துவிட்டுப் பிளக்கைச் செருகுங்கள். 120 வோல்ட் இயந்திரத்தை நம் 230 வோல்ட் சாக்கெட்டில் நேராகச் செருகினால் மோட்டார் கருகும். தாங்கும் சக்தியுள்ள ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் நடுவே கட்டாயம் வேண்டும்.

2. மாவைத் தேர்ந்தெடுங்கள்

முதல் தடவையே முழுவதும் கோதுமை மாவில் இறங்க வேண்டாம். மூன்றில் இரண்டு பங்கு முழுக் கோதுமை மாவு, ஒரு பங்கு பன்சி ரவை. பன்சி ரவை டியூரம் என்ற கெட்டிக் கோதுமையின் ரவை. இத்தாலியில் கடைகளில் விற்கும் உலர் பாஸ்தா அந்த இனக் கோதுமையில்தான் செய்யப்படுகிறது. பட்டைக்கு உறுதியும் மஞ்சள் நிறமும் அதிலிருந்து வரும். பம்பாய் ரவையைப் போட்டு ஏமாற வேண்டாம். அது சாதாரணக் கோதுமையில் எடுப்பது.

ரவையை அப்படியே போட்டால் பட்டையில் மணல் மணலாக நிற்கும். மிக்ஸியின் உலர்ந்த ஜாரில் நைசாக அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள்.

மில்லில் அரைத்த மாவானால் சூடு ஆறட்டும். பிறகு வழக்கமான மாவுச் சல்லடையில் ஒரு தடவை சலித்து, பெரிய தவிட்டுத் துண்டுகளை மட்டும் நீக்குங்கள். தவிட்டின் ஓரங்கள் கூர்மையானவை. பிசையும்போது உருவாகி மாவை இழுபட வைக்கும் குளூட்டன் என்ற புரத இழைகளை அவை அறுக்கின்றன. நைசான தவிடு உள்ளே இருக்கட்டும், அது போனால் முழுத் தானியம் என்று சொல்லிக்கொள்வதில் பொருளில்லை.

முழுக் கோதுமை மாவில் முளைப்பகுதியின் எண்ணெய் இருப்பதால் நாள்பட்டால் காறல் வாடை வரும். சப்பாத்தியில் அது அவ்வளவாகத் தெரியாமல் போகலாம். வேகவைத்த பாஸ்தாவில் நாக்கில் கசப்பாகவே தெரியும். முகர்ந்து பார்த்துவிட்டு அளங்கள்.

3. எல்லாவற்றையும் எடை போட்டு வையுங்கள்

சமையலறைத் தராசு இல்லாமல் இதில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். டம்ளர் அளவில் மாவு அழுத்தமாக விழுந்ததா, தூவலாக விழுந்ததா என்பதிலேயே 20 கிராம் மாறிவிடும்.

முழுக் கோதுமை மாவு 200 கிராம். அரைத்த பன்சி ரவை 100 கிராம். முட்டை 3. தண்ணீர், முட்டையோடு சேர்த்து மொத்தம் 170 கிராம் ஆகும் அளவு. தூவுவதற்குத் தனியாக ஒரு கைப்பிடி ரவை. மாவில் உப்பு தேவையில்லை. வேகும் தண்ணீரில் போடுவது போதும்.

வெளிநாட்டுக் குறிப்புகள் 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்று சொல்லும். அது தவிடு நீக்கிய மாவுக்கான கணக்கு. நம் கடை முட்டை பெரும்பாலும் அதைவிடச் சிறியது. ஓடு நீக்கினால் 45 கிராம் தேறினாலே அதிகம். அதோடு, கல்லில் அரைபடும் நம் மாவில் மாவுச்சத்து மணிகள் நிறைய உடைந்திருக்கும்; உடைந்த மணிகள் அதிகத் தண்ணீர் குடிக்கும். ஆகவே முட்டையை எண்ணாமல் எடை போடுங்கள். தராசில் பாத்திரத்தை வைத்து மூன்று முட்டையை உடைத்து ஊற்றி, முள் 170 காட்டும்வரை தண்ணீர் சேர்த்துக் கலக்கிவிடுங்கள்.

முட்டை சேர்க்காத வீடுகளில் கோதுமை மாவும் ரவையும் 150 கிராம் வீதம் சமமாக எடுத்து, 150 கிராம் வெதுவெதுப்பான தண்ணீர். பட்டை சற்று எளிதில் கிழியும். 7-ஆம் படியில் ஓர் எண் முன்னதாகவே நிறுத்திக்கொள்ளுங்கள்.

4. பிசையுங்கள், ஆனால் தண்ணீர்ச் செம்பைத் தள்ளி வையுங்கள்

மிக்ஸரில் முதலில் தட்டையான பீட்டரை மாட்டுங்கள். மாவு பிசையும் கொக்கியை முதலிலேயே மாட்டினால் அது நடுவே சுற்றிக்கொண்டிருக்கும், மாவு ஓரத்திலேயே கிடக்கும். உலர்ந்த மாவுகளை மிகக் குறைந்த வேகத்தில் கலந்து, முட்டைக் கலவையை நூலாக ஊற்றுங்கள். ஒரு நிமிடத்தில் ஈர உதிரியாக, சிறு சிறு கட்டிகளாக நிற்கும்.

இங்கே இயந்திரத்தை நிறுத்தி, கிண்ணத்தை மூடி, பத்து நிமிடம் விடுங்கள்.

என் நாத்தனார் மகள் முதல் தடவை செய்தபோது இந்தப் பத்து நிமிடத்தைக் கடப்பதுதான் அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது. மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். “அத்தை, இது சேரவே சேராது. இன்னும் ஒரு கரண்டி விடட்டுமா?” என்றாள். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். விரல் தடங்களோடு கொழுக்கட்டை போல நின்றது. அதை இரண்டாகப் பிய்க்கச் சொன்னேன், உதிராமல் பிய்ந்தது. அவ்வளவுதான் வேண்டியது. பிடித்த பிடி நிற்காமல் உதிர்ந்தால் மட்டும் ஒரு தேக்கரண்டி தண்ணீர் தெளியுங்கள், அரை நிமிடம் ஓட்டிவிட்டு மறுபடி பிடித்துப் பாருங்கள். மூன்று தேக்கரண்டிக்கு மேல் தேவைப்பட்டால் எடையில் எங்கோ பிசகியிருக்கிறது.

இப்போது கொக்கியை மாட்டி இரண்டாம் வேகத்தில் மூன்று நிமிடம். வேகத்தைக் கூட்டாதீர்கள், இது கெட்டி மாவு, மோட்டார் திணறும். மிக்ஸரின் தலை குதித்தாலோ சூட்டு வாடை வந்தாலோ நிறுத்திவிட்டுக் கையால் முடியுங்கள். 200 கிராமுக்குக் குறைந்த மாவைக் கொக்கி பிடிக்காது, வழித்து வழித்து விட வேண்டியிருக்கும். அதற்குக் கையே மேல்.

கடைசியில் மேடையில் போட்டு உள்ளங்கையின் அடிப்பாகத்தால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிசையுங்கள். பூரி மாவைவிடவும் கெட்டியாக இருக்க வேண்டும். மேற்பரப்பு சொரசொரப்பாக, அங்கங்கே கீறலோடு இருந்தால் கவலை வேண்டாம். பளபளவென்று வழுவழுப்பாக வந்துவிட்டால்தான் கவலை. தண்ணீர் மிஞ்சிவிட்டது என்று பொருள்.

5. ஒரு மணி நேரம் ஊறட்டும்

காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடுங்கள். ஈரத்துணி போடும் வழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். துணியின் ஈரம் மாவின் தோலில் இறங்கி அங்கே மட்டும் பிசுபிசுக்கும்.

இந்த நேரத்தில் இரண்டு காரியம் நடக்கிறது. தவிடு ஈரத்தை இழுத்து மென்மையாகிறது, அதனால் அதன் கூர்மை மட்டுப்படுகிறது. பிசைந்ததில் இறுகிய குளூட்டன் தளர்கிறது, அதனால் தேய்த்த பட்டை ரப்பர் போலச் சுருங்கித் திரும்பி வராது. மைதா மாவுக்கு அரை மணி நேரம் போதும். முழுக் கோதுமைக்கு 45 நிமிடத்துக்குக் குறையக் கூடாது.

முட்டை சேர்ந்த மாவை நம் ஊர் வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். வேலை தள்ளிப்போனால் ஃபிரிட்ஜில் வைத்து, தேய்ப்பதற்கு 20 நிமிடம் முன் எடுங்கள்.

ஊறும் நேரத்தில் குழம்புக்கு, அதாவது சாஸுக்கு, வேண்டியதை நறுக்கி வையுங்கள். பின்னால் உங்களுக்குக் கை ஒழியாது.

6. முதல் எண்ணில் மடித்து மடித்துத் தேயுங்கள்

முந்தானையை இடுப்பில் செருகுங்கள். துப்பட்டாவைக் கழற்றி வையுங்கள். கூந்தலை முடியுங்கள், தொங்கும் வளையலைக் கழற்றுங்கள். உருளை மெதுவாகத்தான் சுற்றும், ஆனால் பிடித்ததை விடாது.

மாவை நான்காக வெட்டி, ஒன்றை எடுத்துக்கொண்டு மற்ற மூன்றையும் டப்பாவில் மூடிவிடுங்கள். எடுத்ததைப் பூரிக்கட்டையால் உருளையின் அகலத்தைவிடச் சற்றுக் குறுகலாக, அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டுங்கள். உருண்டையாக அப்படியே நுழைத்தால் உருளை வழுக்கிச் சுற்றும், இல்லையென்றால் அடைத்துக்கொள்ளும்.

உருளையின் குமிழை மிக அகன்ற இடைவெளியில் வையுங்கள். பல இணைப்புகளில் 1 என்பது அகலம், 8 என்பது மெலிவு. சிலவற்றில் எண் தலைகீழாக இருக்கும். இடைவெளியைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். நான் 1 முதல் 8 வரை உள்ள வகையை வைத்துப் பேசுகிறேன். வேகம் இரண்டு.

முதல் தடவை வெளியே வருவது பட்டையாக இருக்காது. காற்றில் கிழிந்த வாழையிலை போல ஓரமெல்லாம் பிய்ந்து, நடுவில் ஓட்டையோடு வரும். புதிதாகச் செய்பவர்களில் பாதிப் பேர் இங்கேதான் மனம் விட்டுத் தண்ணீர் தெளித்து மறுபடி பிசையப் போகிறார்கள். வேண்டாம். அதைக் கடிதம் மடிப்பது போல மூன்றாக மடியுங்கள், உள்ளங்கையால் அழுத்துங்கள், மடிப்பு பக்கவாட்டில் இருக்கும்படி திருப்பி மீண்டும் விடுங்கள். மடிப்பை முன்னால் வைத்து நுழைத்தால் உள்ளே காற்று சிக்கிக் கொப்புளம் விடும்.

மூன்றாவது தடவையில் ஓட்டை அடையும். ஐந்தாவது தடவையில் ஓரம் நேராகும். ஆறாவதிலோ ஏழாவதிலோ பட்டை மிருதுவாகிவிடும். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணி போலக் குளுமையாக இருக்கும். உருளை இங்கே செய்வது பிசையும் வேலையின் மீதி. முழுக் கோதுமையில் மிக்ஸர் பாதிதான் பிசைகிறது, மறுபாதி இந்த மடிப்புகளில் நடக்கிறது. இதைச் சுருக்கினால் அடுத்த படியில் பட்டை கட்டாயம் கிழியும்.

ஒட்டினால் இரு பக்கமும் லேசாகக் கோதுமை மாவைத் தடவி, மிஞ்சியதை உதறுங்கள்.

7. மெலிதாக்குங்கள், ஐந்தைத் தாண்டாதீர்கள்

எண் 2-இல் ஒரு தடவை, 3-இல் ஒரு தடவை, 4-இல் ஒரு தடவை. இனி மடிக்கக் கூடாது. எண்ணைத் தாண்டிக் குதிக்கவும் கூடாது. 2-இலிருந்து 4-க்குப் போனால் உருளை மாவைத் தேய்க்காமல் இழுக்கும். தவிடு இருக்கும் இடத்திலெல்லாம் கீறல் விழும்.

ஒரு கையால் மேலே விட்டு, மறு கையின் புறங்கையால் கீழே தாங்குங்கள். விரல் நுனியால் பிடித்து இழுக்காதீர்கள். பட்டை முழங்கை நீளத்தைத் தாண்டினால் குறுக்கே வெட்டி இரண்டாக்கிக்கொள்ளுங்கள். இரண்டு பேர் இருந்தால் நன்று. தனியாளாக இருந்தால் நீளத்துக்கு ஆசைப்படாதீர்கள்.

முழுக் கோதுமைக்கு 4 போதும். நன்றாகப் படிந்துவந்த மாவானால் 5. மைதா பாஸ்தாவை 6, 7 வரை கொண்டுபோகிறார்களே என்று ஆசைப்பட்டால், தவிட்டுத் துகளின் கனமும் பட்டையின் கனமும் நெருங்கிவிடும்; வேகும்போது துகள் இருக்கும் இடத்தில் பிய்ந்து தண்ணீரில் கரையும். கனமாக இருந்தால் ஒரு நிமிடம் கூட வேகும், அவ்வளவுதான்.

8. சற்றே காயவிட்டு வெட்டுங்கள்

தேய்த்த கையோடு கட்டரில் விடுவது அடுத்த பெரிய தவறு. ஈரப் பட்டை கட்டரில் வெட்டுப்படும், ஆனால் இழைகள் பிரியாது. முன்பக்கம் கோடு போட்ட பட்டையாக வந்து விழும்.

சுத்தமான பருத்தி வேட்டியில் பட்டைகளைப் பரப்பிப் பத்து முதல் பதினைந்து நிமிடம் விடுங்கள், நடுவில் ஒரு தடவை திருப்புங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். விசிறிக் காற்றில் ஓரம் காய்ந்து நடு ஈரமாகவே இருக்கும். பதம், வெயிலில் போட்ட கொஞ்ச நேரத்தில் அப்பளம் இருக்கும் பதம்: தொட்டால் ஒட்டாது, வளைத்தால் ஒடியாது. ஒடிந்தால் நேரம் கடந்துவிட்டது. அதைக் கையால் உடைத்துச் சூப்பில் போடலாம்.

அகலக் கட்டரையே பயன்படுத்துங்கள். ஸ்பகெட்டிக் கட்டரின் குறுகிய பற்களில் தவிடு சிக்கி இழை அறுந்து விழும். வெட்டியவுடன் இழைகள் மேல் ரவையைத் தூவி, விரலால் பிரித்து, பிடி பிடியாகச் சுருட்டி வையுங்கள். தூவுவதற்கு மாவை எடுக்க வேண்டாம். மாவு இழையில் ஒட்டிக்கொண்டு கொதிநீரைக் கஞ்சியாக்கும். ரவை உதிர்ந்து அடியில் தங்கிவிடும்.

9. சாஸ் முதலில், பாஸ்தா பிறகு

சாஸ் தயாராகி அடுப்பில் இளஞ்சூட்டில் இருக்கும்போதுதான் பாஸ்தாவைத் தண்ணீரில் போட வேண்டும். புதிய பாஸ்தா காத்திருக்காது. முழுக் கோதுமையின் மண்வாசனைக்கு வெறும் தக்காளி சற்றுப் புளிப்பாகப் படுகிறது. பூண்டு, காளான், கீரை, நிறைய மிளகு என்று போனால் எடுபடும்.

100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 10 கிராம் கல்லுப்பு. தளதளவெனக் கொதிக்கும்போது போட்டு உடனே ஒரு தடவை கிளறுங்கள். எண்ணெய் ஊற்ற வேண்டாம்; அது மேலே மிதக்கும், பிறகு இழையில் படிந்து சாஸை ஒட்டவிடாது.

இரண்டாவது நிமிடத்தில் ஓர் இழையைக் கடித்துப் பாருங்கள். எண் 4-இல் தேய்த்தது பெரும்பாலும் மூன்றிலிருந்து நான்கு நிமிடத்தில் வேகும். மேலே மிதந்தால் வெந்துவிட்டது என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். கடித்த இடத்தில் நடுவே மாவு நிறத்தில் கோடு தெரியாமல் இருக்க வேண்டும்.

வடிப்பதற்கு முன் வெந்த தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்து வையுங்கள். வடித்ததைக் குளிர்ந்த நீரில் அலசாமல் நேராகச் சாஸில் போட்டு, அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு ஒரு நிமிடம் புரட்டுங்கள். அதிலுள்ள கஞ்சித்தன்மைதான் சாஸை இழையோடு பிடித்து நிறுத்துகிறது.

10. உருளையைக் கழுவாதீர்கள்

சாப்பிட்டு முடித்து வந்து பாருங்கள். உருளையிலும் கட்டரிலும் ஒட்டிய மாவு காய்ந்திருக்கும். தூரிகையால் தட்டினால் உதிரும், பல்லிடுக்கில் உள்ளதைப் பல்குச்சியால் எடுங்கள். தண்ணீர் உள்ளே போனால் மாவு பசையாகிப் பற்சக்கரங்களில் இறுகும், துருவும் பிடிக்கும். கத்தி முனையால் சுரண்டினால் உருளையில் விழும் கீறல் அடுத்த பட்டையிலெல்லாம் தெரியும்.

11. மிச்சத்தை உறைய வையுங்கள்

முட்டை சேர்ந்த பாஸ்தாவைக் கொடியில் உலர்த்திச் சேமிக்கும் எண்ணம் நம் ஈரக்காற்றுக்கு ஒத்துவராது; காய்வதற்குள் கெட்டுப்போகும். சுருட்டிய பிடிகளைத் தட்டில் இடைவெளி விட்டு ஃப்ரீசரில் வைத்து, கல்லானதும் பையில் போட்டுவிடுங்கள். ஒரு மாதம் வரை வைக்கலாம். உருகவிடாமல் அப்படியே கொதிநீரில் போட வேண்டும். உருகவிட்டால் ஒன்றாகச் சேர்ந்து உருண்டையாகிவிடும்.

12. கேழ்வரகு, கம்பு சேர்க்க ஆசைப்பட்டால்

சிறுதானியங்களில் குளூட்டன் கிடையாது. 300 கிராம் மாவில் 60 கிராம் வரை கேழ்வரகு மாவு போகலாம். அதைக் கோதுமையின் பங்கிலிருந்து குறையுங்கள், ரவையைக் குறைக்காதீர்கள். அந்த 60 கிராமை மட்டும் 60 கிராம் கொதிநீர் விட்டு இடியாப்ப மாவு போலக் கிளறி ஆறவைத்துச் சேர்த்தால் மாவு நன்றாகக் கூடிவரும். சூட்டில் அதன் மாவுச்சத்து பசையாகி, இல்லாத குளூட்டனின் வேலையில் கொஞ்சத்தைச் செய்கிறது. விட்ட கொதிநீரை 170 கிராமிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்; முட்டையையும் இரண்டாகக் குறையுங்கள்.

பாதிக்குப் பாதி கேழ்வரகு போட்டு மெல்லிய இழை வெட்ட முடியுமா என்று கேட்பவர்களுக்கு, முடியாது. இத்தாலியின் வால்தெல்லினாப் பள்ளத்தாக்கில், கோதுமை இனத்தைச் சேராத பக்வீட் என்ற தானியத்தின் மாவைப் பெரும்பங்காக வைத்துப் பித்சோக்கேரி என்ற பாஸ்தா செய்கிறார்கள். பக்வீட்டிலும் குளூட்டன் இல்லை. அவர்கள் அதை இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில், அரை முதல் ஒரு சென்டிமீட்டர் அகலத்தில், விரல் நீளத்துக்கே வெட்டுகிறார்கள். நீளமும் மெலிவும் இல்லாததால் உடைவதற்கு இடம் குறைவு. கேழ்வரகு கூடுதலாக வேண்டுமானால் அதே வழியில் போங்கள்: எண் 2-இல் நிறுத்தி, கட்டரை ஒதுக்கி வைத்துவிட்டுக் கத்தியால் குட்டை குட்டையாக வெட்டுங்கள்.